கத்தி செய்ய எந்த எஃகு வாங்குவது? பொழுதுபோக்காகக் கத்தி செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டின் பின்கட்டிலோ கார் ஷெட்டிலோ சிறிய பட்டறை வைத்துக் கத்தி செய்பவர்களுக்கான பக்கம் இது. ஒரு ஆங்கிள் கிரைண்டர் அல்லது பெல்ட் கிரைண்டர், ஒரு கரி உலை அல்லது கேஸ் உலை, கேக் சுடும் ஓடிஜி அடுப்பு ஒன்று, இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறோம். எஃகின் பெயர்களை இந்தியக் கடைகளில் கேட்டு வாங்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறோம். காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவதைத் தோய்ச்சல் என்றும், பிறகு மிதமான சூட்டில் வைத்து அது சட்டென்று முறியாதபடி செய்வதை டெம்பரிங் என்றும் குறிப்பிடுகிறோம்.

முதல் கத்திக்கு எந்த எஃகு நல்லது?

1084 என்ற கார்பன் எஃகு. அது கிடைக்கவில்லை என்றால் சி80 அல்லது சி75 பட்டை. 3 மி.மீ. தடிமனில் ஒரு மீட்டர் வாங்கி, முதல் சில கத்திகளை அதிலேயே செய்யுங்கள். கத்திக்குக் கத்தி எஃகை மாற்றிக்கொண்டிருந்தால், ஒன்று நன்றாக வந்ததும் இன்னொன்று கெட்டதும் எதனால் என்று பிடிபடவே பிடிபடாது.

அதைவிடப் பெயர் பெற்ற எஃகுகள் எத்தனையோ இருக்கின்றனவே, ஏன் 1084?

உங்கள் உலையில் எந்த எஃகுக்குச் சரியாகத் தோய்ச்சல் போட முடியுமோ அதுதான் உங்களுக்கு நல்ல எஃகு. பெயர் பெற்ற எஃகுக்கு அரைகுறையாகத் தோய்ச்சல் போட்டால், ஒழுங்காகத் தோய்ச்சல் போட்ட சாதாரண எஃகின் பக்கத்தில்கூட அது நிற்காது. இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1084-ல் கார்பன் 0.80 முதல் 0.93 சதவீதம், மேங்கனீஸ் 0.60 முதல் 0.90 சதவீதம். வேறு எதுவும் பெரிதாகக் கிடையாது. கார்பன் 0.8 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் காய்ச்சும்போது அது சீக்கிரம் இரும்பில் கரைந்துவிடுகிறது. ஒரே சூட்டில் நீண்ட நேரம் பிடித்து வைக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் எஃகில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குமேல் நாற்பது ஐம்பது டிகிரி, அதாவது 815 டிகிரி அளவுக்கு ஏற்றினால் 1084 தயார். வெப்பமானி இல்லாதவருக்குக் காந்தமே வழிகாட்டி என்பதால், இந்தச் சூடு அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி.

மேங்கனீஸ் தருவது அவகாசம். எஃகை எவ்வளவு வேகமாகக் குளிரவைத்தால் கடினமாகும் என்பதை அது தளர்த்துகிறது. 1095-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: கார்பன் கூடுதல், 0.90 முதல் 1.03, மேங்கனீஸோ 0.30 முதல் 0.50 தான். சிவப்பிலிருந்து ஏறக்குறைய 550 டிகிரிக்கு இறங்க அதற்கு ஒரு வினாடிகூடக் கிடைக்காது. அதற்கென்றே விற்கும் வேகமான தோய்ச்சல் எண்ணெய் இல்லாமல் சமையல் எண்ணெயில் முக்கினால், மெல்லிய கூர்ப்பக்கம் கடினமாகி முதுகுப்பக்கம் மென்மையாக நின்றுவிடும். எண் பெரிதாக இருக்கிறது என்று 1095 வாங்கிச் சிரமப்படுபவர்கள் நிறைய.

கடையில் 1084 என்று கேட்டால் "அப்படி ஒன்றும் இல்லை" என்கிறார்களே?

1084, 5160, 52100 எல்லாம் அமெரிக்க எண்கள். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் ஈஎன் வரிசையும் இந்திய, ஜப்பானியப் பெயர்களும்தான் புழக்கம். டூல் ஸ்டீல் விற்கும் கடைக்குப் போகும்போது இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சி75, சி80: பெயரிலேயே கார்பன் இருக்கிறது; 0.75, 0.80 சதவீதம். ரம்பம், கொலுறு போன்றவற்றுக்காக வரும் மெல்லிய பட்டை. 1075, 1084-க்கு மிக நெருக்கம்.

ஓஎச்என்எஸ்: ஓ1-க்கு இணை. கார்பன் 0.9 அளவு, மேங்கனீஸ் 1 சதவீதத்துக்கு மேல், கொஞ்சம் குரோமியம், டங்ஸ்டன். டை செய்யும் பட்டறைகள் உள்ள எந்த ஊரிலும் கிடைக்கும்; நாலு பக்கமும் கிரைண்டிங் செய்த பட்டையாகவும் வாங்கலாம்.

ஈஎன்31: 52100-க்கு இணை, பேரிங் எஃகு. கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1 முதல் 1.6. பெரும்பாலும் உருட்டுக் கம்பியாகவே இருக்கும். சம்மட்டியால் தட்டையாக்குவது கடினமான வேலை.

எஸ்யூபி9, ஈஎன்45: வண்டி ஸ்பிரிங் எஃகுகள். முதலாவது 5160-இன் உறவு, குரோமியம் சேர்ந்தது. இரண்டாவது சிலிக்கான் சேர்ந்தது. இரண்டிலும் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்.

ஈஎன்8, ஈஎன்9: ஈஎன்8-ல் கார்பன் 0.4 தான்; கத்திக்கு வேண்டாம். ஈஎன்9 0.5 முதல் 0.6, கோடரி, மண்வெட்டி அளவில் பரவாயில்லை.

எச்சிஎச்சிஆர் (கார்பனும் குரோமியமும் மிகுந்த டூல் ஸ்டீல்) என்று சொன்னால் கவனம். சில கடைகளில் டி2, டி3 இரண்டையும் அதே பெயரில் கொடுத்துவிடுவார்கள். டி3-ல் கார்பன் 2 சதவீதத்துக்கும் மேல். கூர் எளிதில் சில்லு சில்லாக உதிரும். டி2 தான் வேண்டும் என்றால் "டி2" என்று எழுதிய சான்றிதழைக் கேளுங்கள்.

எவர்சில்வர் தகட்டில் கத்தி செய்யலாமா?

கூடாது. பாத்திரத்துக்கு வரும் 304, 200 வரிசைத் தகடுகளில் கார்பன் மிகக் குறைவு. 304-ல் அதிகபட்சம் 0.08 சதவீதம். தோய்ச்சல் போட்டாலும் கடினமாகாத வகை அது. வெண்ணெய் தடவும் கத்தி செய்யலாம், தக்காளியைக்கூட ஒழுங்காக நறுக்காது.

கட்டுமானத்துக்கான டிஎம்டி கம்பியும் அப்படித்தான். கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. அது வலுவாக இருப்பதற்குக் காரணம், உருட்டும்போதே வெளித்தோலைத் தண்ணீரில் குளிரவைப்பது. உலையில் காய்ச்சிய நிமிடமே அந்த வலு போய்விடும்.

லாரி கமான் பட்டை?

அரிவாள், வெட்டுக்கத்தி, கொடுவாள், தோட்டக் கத்தி என்றால் நல்ல தேர்வு. திருப்பாச்சேத்தி அரிவாள் உட்பட நம் ஊர்க் கொல்லர்கள் வண்டிப் பட்டையைத் தேடிப் பிடிப்பது சும்மா அல்ல: ஓங்கி வெட்டும் கருவிக்கு வேண்டிய தாங்குசக்தி அதில் இருக்கிறது. காய்கறி நறுக்கும் மெல்லிய கத்திக்கு அது சரிப்படாது. தடிமன் 6 முதல் 12 மி.மீ. இருக்கும், 2 மி.மீ. அலகாக்க முக்கால்வாசி எஃகைத் தூளாகத் தேய்த்துத் தள்ள வேண்டும்.

பழைய பட்டையில் உள்ள பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத விரிசல். பத்து வருடம் மேடு பள்ளத்தில் ஆடிய பட்டை அது. நடு ஓட்டையைச் சுற்றியும், ஒரு பட்டை மேல் இன்னொன்று உரசிய இடங்களிலும் விரிசல் விட்டிருக்கும். தோய்ச்சல் போடும்வரை தெரியாது. எண்ணெயில் இறங்கியதும் வாய் பிளக்கும். நடு ஓட்டையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். மேல்தோலை இருபுறமும் அரை மி.மீ. தேய்த்துவிட்டு, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். ஸ்பிரிங் பட்டறையில் புதுப் பட்டை வெட்டியபின் மிஞ்சும் துண்டு கிடைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

காயலான் கடையில் வேறு எதை எடுக்கலாம்?

பழைய அரம்: கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள நல்ல எஃகு. முனையைத் துணியில் சுற்றி வைஸில் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் எடுக்கலாம். ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம் என்றால் அது தோல் மட்டும் கடினமாக்கிய மலிவு அரம். மேல்தோலைத் தேய்த்ததும் உள்ளே ஒன்றும் இருக்காது. உலையே இல்லாதவருக்கும் அரத்தில் ஒரு வழி உண்டு. 210 டிகிரி ஓடிஜியில் இரண்டு மணி நேரமாக இருமுறை வைத்து எடுத்து, சூடேறாமல் அடிக்கடி தண்ணீரில் முக்கிக்கொண்டே தேய்த்து வடிவமாக்கலாம். பற்களின் பள்ளம் ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

பவர் ஹேக்சா பிளேடு: முழுவதும் ஹைஸ்பீடு எஃகாக உள்ள பழைய பிளேடுகளில் பலர் கத்தி செய்கிறார்கள். ஏறக்குறைய 540 டிகிரி வரை கடினம் குறையாது என்பதால் தேய்க்கும்போது சூடேறினாலும் பயமில்லை. மாறாக, உலையில் போட்டுக் காய்ச்சித் தோய்க்க நினைக்காதீர்கள். அதற்கு 1200 டிகிரி அளவு வேண்டும். துளை போடக் கார்பைடு பிட் தேவை. கீழே விழுந்தால் இரண்டாகும். கையால் அறுக்கும் பிளேடுகளில் பல பைமெட்டல். பல் மட்டும்தான் ஹைஸ்பீடு, உடம்பு வேறு.

பேரிங்: பால் பேரிங்கின் வளையம் பெரும்பாலும் ஈஎன்31. டேப்பர் ரோலர் பேரிங் பலவற்றில் தோல் மட்டும் கார்பன் ஏற்றிய மென் எஃகு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கார்பைடு பல் ஒட்டிய வட்ட ரம்பத்தின் உடம்பை நம்ப வேண்டாம். மர மில்லின் பழைய முழு எஃகு ரம்பம் நல்லது. கால்வனைஸ் பூசியது, குரோம் பூசியது எதையும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். குரோம் பூச்சிலிருந்து வருவது அதைவிட மோசம். தண்டவாளத் துண்டு, கிளிப், ஆணி எதையும் தொட வேண்டாம்: ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது.

பெயர் தெரியாத இரும்பு கையில் இருக்கிறது. கத்திக்கு ஆகுமா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் கிரைண்டரில் பொறி பாருங்கள். நீளமாக, கிளை பிரியாமல் ஓடும் பொறி மென் இரும்பு. கைக்குப் பக்கத்திலேயே கொத்துக் கொத்தாக வெடித்துச் சிதறினால் கார்பன் அதிகம். இது வடிகட்டத்தான், முடிவுக்கு அல்ல. பக்கத்தில் பழைய அரம் ஒன்றை வைத்து இரண்டையும் மாறி மாறித் தேய்த்துப் பார்த்தால் கண்ணுக்குப் பழகும்.

பிறகு விரல் அகலம், விரல் நீளத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள். முதல் துண்டைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே ஏற்றி, 55 டிகிரி எண்ணெயில் முக்குங்கள். குளிர்ந்ததும் சூட்டில் மேலே படிந்த கருந்தோலைத் தேய்த்துவிட்டு, நல்ல அரத்தின் ஓரத்தால் இழுங்கள். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் கடினமாகியிருக்கிறது. கடித்தால் இரண்டாவது துண்டைத் தண்ணீரில் முக்குங்கள். அதிலும் அரம் கடித்தால் அந்த இரும்பை மறந்துவிடலாம். தண்ணீரில் மட்டும் கடினமானால், அவகாசம் குறைந்த எஃகு என்று பொருள், புதியவருக்கு வேண்டாம்.

வழுக்கிய துண்டை வைஸில் இறுக்கி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றிச் சுத்தியால் உடையுங்கள். உடைந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மினுமினுப்பு இல்லாமல் மங்கிய சாம்பலாக, நுணுக்கமாக இருந்தால் சரி. சர்க்கரைப் பரல்போல் மின்னினால் சூடு அதிகமாகி எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய பரல்கள் பெருத்துவிட்டன. மூன்றாவது துண்டைக் குறைந்த சூட்டில் செய்து பாருங்கள். இதில் கிடைத்த சூடுதான் அந்த எஃகுக்கு உங்கள் உலையில் சரியான சூடு. இத்தனையும் செய்தபின்கூட அது இன்ன எஃகு என்று தெரியாது, கடினமாகும் என்பது மட்டும்தான் தெரியும்.

தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் எஃகில் எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் செய்து தரும் ஆய்வகங்கள் உண்டு. ஒரே பட்டையிலிருந்து இருபது கத்தி வரும் என்றால் அந்தச் செலவு செய்யத் தகுந்தது.

1084, சி80-க்கு வீட்டில் தோய்ச்சல் போடும் முறை?

அலகை வடிவமாக்கிப் பிடித்துளைகளைப் போட்டுவிடுங்கள். பிறகு போட முடியாது. கூர்ப்பக்கம் 0.8 முதல் 1 மி.மீ. தடிமன் விடுங்கள். அதைவிட மெல்லியதாக்கினால் எண்ணெயில் அலைபோல் நெளியும். 120 கிரிட் உப்புத்தாள் வரை, கீறல்கள் அலகின் நீளவாக்கில் இருக்கும்படி தேயுங்கள். குறுக்குக் கீறல் விரிசலுக்கு வழி.

பகல் வெளிச்சத்தில் சிவப்பின் நிறம் ஏமாற்றும். மாலையில் அல்லது நிழலில் செய்யுங்கள். அலகை உலையில் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே மெதுவாகக் காய்ச்சுங்கள். மெல்லிய முனை முந்திக்கொண்டு சூடாகப் பார்க்கும், அதை அனலிலிருந்து அவ்வப்போது வெளியே தள்ளுங்கள். காந்தம் விட்டதும் நின்று கவனியுங்கள். சிவப்புக்குள் இருண்ட நிழல்கள் மேகம்போல் நகரும். உள்ளே எஃகின் அமைப்பு மாறும்போது சூட்டை உறிஞ்சுவதால் வரும் நிழல் அது. முதுகுப்பக்கத்திலிருந்து கடைசி நிழலும் மறைந்து அலகு முழுக்க ஒரே நிறமானதும், அதே நிறத்தில் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்திருந்து, தயங்காமல் எண்ணெய்க்குக் கொண்டுபோங்கள். உலைக்கும் எண்ணெய்க்கும் இரண்டு எட்டு தூரம்தான் இருக்க வேண்டும்.

முனை கீழாக, நெட்டுக்குத்தாக இறக்குங்கள். வெட்டும் திசையில் முன்னும் பின்னும் அசைக்கலாம்; பக்கவாட்டில் அசைத்தால் வளையும். எட்டுப் பத்து வினாடியில் எடுத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் தோல் கையுறையோடு அந்த முதல் சில வினாடிகளிலேயே நேராக்கிவிடலாம். கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபின் வளைத்தால் முறியும்.

அரம் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் டெம்பரிங்கில் வையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட அலகு இரவில் தானாக வெடித்துவிடலாம். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம். ஓடிஜியின் திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், 20 டிகிரி மேலும் கீழும் ஆடும். தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, அலகை மணல் தட்டில் புதைத்து வையுங்கள். தேய்த்த இடம் வெளிர் வைக்கோல் நிறமாகியிருந்தால் சரி. கடினம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60 ஒட்டி வரும். முரட்டு வேலைக்கு 230 டிகிரி வையுங்கள், 57–58-க்கு இறங்கும்.

கடைசித் தேய்ப்பைக் கையுறை இல்லாமல் செய்யுங்கள். விரலுக்குச் சுட்டால் தண்ணீரில் முக்குங்கள். விளிம்பில் நீலம் ஓடினால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது. அந்த நீலத்தைத் தாண்டித் தேய்த்து எடுப்பது ஒன்றே வழி.

தோய்த்த பிறகும் அரம் கடிக்கிறதே?

கருந்தோலுக்கு அடியில் கார்பன் எரிந்துபோன மெல்லிய படலம் இருக்கும். 0.2 மி.மீ. தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீரும். அப்போதும் கடித்தால் சூடு போதவில்லை, அல்லது எண்ணெய் குளிர்ச்சியாகவோ குறைவாகவோ இருந்திருக்கிறது.

எந்த எண்ணெய்?

கடலை எண்ணெய் அல்லது ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய், 50 முதல் 60 டிகிரி சூட்டில். சூடாக்குவது எண்ணெயை இளக்கி வேகத்தைக் கூட்டுவதற்காக; குளிர்ந்த எண்ணெய்தான் மெதுவாகக் குளிரவைக்கும். ஒரு சமையல் கத்திக்குக் குறைந்தது 4 லிட்டர், உயரமான இரும்புப் பாத்திரத்தில். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம். மூடுவதற்கு இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும்; தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கழிவு என்ஜின் ஆயிலில் உலோகத் துகளும் ரசாயனமும் இருக்கும், அதன் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

கொல்லர்கள் தண்ணீரில்தானே தோய்க்கிறார்கள்?

அவர்கள் எடுத்துக்கொள்வது 0.5–0.6 கார்பன் உள்ள தடித்த பட்டை. முழு அலகையும் முக்குவதில்லை. கூர்ப்பக்கத்தை மட்டும் சில வினாடி நனைத்து எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு கூருக்கு ஏறிவரும்போது நிறம் ஓடுவதைப் பார்த்து, சரியான நிறத்தில் நிறுத்திவிடுவார்கள். தோய்ச்சலும் டெம்பரிங்கும் ஒரே மூச்சில் முடிகின்றன. பல வருடக் கைப்பழக்கம் அது, மிக உயர்ந்த வேலை. அதைப் பார்த்துவிட்டு 3 மி.மீ. ஈஎன்31 அலகை முழுதாகத் தண்ணீரில் முக்கினால் "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கும். அலகு முடிந்தது.

ஓஎச்என்எஸ், ஈஎன்31-க்கு எப்போது போகலாம்?

உலையில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பொருத்தி, சூட்டை 10 டிகிரிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைக்க முடிந்த பிறகு. ஓஎச்என்எஸ்-க்கு 800–815, ஈஎன்31-க்கு 845 டிகிரி. அந்த நேரம் கொடுக்காவிட்டால் கார்பனும் குரோமியமும் முழுசாகக் கரையாது. 1084-ஐவிட அதிகம் செலவழித்து 1084 அளவுக்கே கத்தி கிடைக்கும். சூடு மீறினாலோ, குளிர்ந்த பின்னும் கடினமாகாத பகுதி உள்ளே தங்கிவிடும். ஒழுங்காகச் செய்தால் ஈஎன்31-இன் மெல்லிய கூர் அபாரமாக நிற்கும். சமையல் கத்திக்கு எங்களுக்குப் பிடித்த எஃகு அதுதான்.

டி2?

1010–1020 டிகிரி, அரை மணி நேரம், காற்றுப் படாமல். கரி உலையில் ஆகாத காரியம். 12 சதவீதம் குரோமியம் இருந்தும் முழுத் துருப்பிடிக்காத எஃகு அல்ல. குரோமியத்தில் நிறையக் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகச் சிக்கிக்கொள்கிறது.

துருப்பிடிக்காத கத்தி செய்யவே முடியாதா?

முடியும், தோய்ச்சலை வெளியில் கொடுத்தால். துருப்பிடிக்காத எஃகுகளில் ஏஇபி-எல், 14சி28என் இரண்டும் மெல்லிய சமையல் கத்திக்கு 440சி-யைவிட நல்லவை என்பது எங்கள் கருத்து: பரல் நுணுக்கம், தீட்டுவதும் சுலபம். இவற்றுக்கு 1050 டிகிரிக்கு மேல் வேண்டும். பிறகு இரண்டு தடித்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அழுத்திக் குளிரவைத்து, பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே ஒருமுறை குளிரூட்டினால்தான் முழுக் கடினம் வரும். அம்பத்தூர், கோவை, ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் வேக்குவம் ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தபட்சக் கட்டணம் உண்டு என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து கொடுப்பது நல்லது. எஃகின் பெயர், வேண்டிய கடினம் (உதாரணமாக 60–61), அலகைத் தொங்கவிட வேண்டும் என்ற குறிப்பு, மூன்றையும் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் டை கட்டைகளோடு அதே சூட்டில் போட்டு எடுத்துவிடுவார்கள்.

என்ன தடிமன் வாங்குவது?

சமையல் கத்திக்கு 2 முதல் 2.5 மி.மீ., சிறு தோட்டக் கத்திக்கு 3 முதல் 4. முதல்முறை வாங்குபவர்கள் "தடித்தால் வலு" என்று 6 மி.மீ. எடுத்துவிடுகிறார்கள், கேரட்டை நறுக்காது, பிளக்கும். கூருக்குச் சற்று மேலே சமையல் கத்தியின் தடிமன் 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். உருட்டிய கருந்தோல் பட்டை என்றால் இருபுறமும் தேய்ப்பதற்காக அரை மி.மீ. கூட்டி வாங்குங்கள்.

கடினம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

வேலையைப் பொறுத்தது. காய்கறிக் கத்தி 60–62, தோட்டக் கத்தி 57–59, எலும்பு வெட்டும் கத்தி 54–57, அரிவாள் 50–55. வீட்டில் அளக்க ஒரு 6 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். அதை வைஸில் படுக்கவைத்து, தீட்டிய கூரை அதன்மேல் சாய்வாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். விளிம்பு லேசாக வளைந்து திரும்பி வந்தால் சரி. வளைந்தே நின்றால் மென்மை, டெம்பரிங் சூடு அதிகம் அல்லது தோய்ச்சல் பிழை. சில்லு உதிர்ந்தால் இன்னும் 15 டிகிரி கூட்டி மறுபடி டெம்பரிங்.

டமாஸ்கஸ் பில்லட் வாங்கலாமா?

டமாஸ்கஸ் பில்லட் என்பது இருவகை எஃகை அடுக்கி ஒட்டிய கட்டி. 1084-உம் நிக்கல் சேர்ந்த 15என்20-உம் சேர்த்தது என்று செய்தவரே சொல்லி விற்றால் வாங்கலாம். இரண்டுக்கும் தோய்ச்சல் சூடு ஒன்றே. 15என்20-ல் உள்ள 2 சதவீத நிக்கல் ஃபெரிக் குளோரைடில் கறுக்காமல் பளிச்சென்று நிற்பதால் கோலம் தெரிகிறது. எதைச் சேர்த்தது என்று சொல்லாத மலிவு பில்லட்டில் மென் இரும்பு கலந்திருக்கலாம்; கோலம் இருக்கும், கூர் நிற்காது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழாய்வில் வெளிப்பட்ட உருக்குத் தொழில் வேறு வகை: மூசையில், அதாவது களிமண் குடுவையில் உருக்கிய, கார்பன் மிகுந்த எஃகு. இன்றைய அடுக்கு டமாஸ்கஸை அதன் வாரிசாகச் சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

கார்பன் எஃகுக் கத்தி நம் சமையலறையில் தாக்குப்பிடிக்குமா?

கழுவி உடனே துடைத்தால் ஆயுசுக்கும் வரும். புளி, எலுமிச்சை, மாங்காய் பட்டால் சாம்பல்நீலப் படலம் படியும்; அது துருவைத் தடுக்கும், தேய்க்க வேண்டாம். நெல்லிக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும், வாழைப்பூவும் அப்படியே. அந்த இரண்டுக்கு மட்டும் எவர்சில்வர் கத்தி வைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் இரவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

பெரிய அலகு செய்தால் சட்டச் சிக்கல் வருமா?

ஆயுதச் சட்ட விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்காக வடிவமைத்ததாக இல்லாவிட்டால், ஆயுத வகையில் வரும். அழகுக்காக வாளும் குத்துவாளும் செய்யும் ஆசை இருந்தால் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

கடையில் வாங்கும்போது எதைக் கவனிப்பது?

டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். அதில் உள்ள ஹீட் எண் (எந்த முறை உருக்கிய எஃகு என்று காட்டும் எண்) பட்டையில் அச்சிட்ட எண்ணோடு பொருந்த வேண்டும். நுனியில் பூசிய பெயிண்ட் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆலைக்கு ஆலை மாறும். விலை கிலோ கணக்கில் என்பதால் எடையை முன்பே போட்டுக்கொள்ளலாம்: நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 7.85-ஆல் பெருக்கினால் கிராம். ஒரு மீட்டர் நீளம், 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் என்றால் ஏறக்குறைய 940 கிராம். கேஸ் கட்டிங்கில் வெட்டித் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். ரம்பத்தில் வெட்டிய துண்டு வேண்டும். பெயர் அச்சிட்ட நுனியை எப்போதும் கடைசியாக வெட்டுங்கள், வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் எஃகின் பெயரைப் பஞ்சால் அடித்துவிடுங்கள். பட்டறை மூலையில் பெயர் இல்லாமல் கிடக்கும் ஓஎச்என்எஸ்-உம் மென் இரும்பும் துருப்பிடித்தபின் ஒன்றுபோலத்தான் இருக்கும்.